சபைக்குத் தலை யார், சாவி யார் கையில்?

டிக்கோயா பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். அம்மா பிறப்பிலேயே கத்தோலிக்கர். அண்ணன் சில வருடங்களாக டவுனில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். வீட்டில் ஓயாத சண்டை. "பாப்பரசர் என்று பைபிளில் எங்கே இருக்கிறது? சபைக்குத் தலை இயேசு மட்டும்தான்" என்கிறார் அண்ணன். "பேதுருவிடம் சாவியைக் கொடுத்தது யார்? உங்கள் பாஸ்டருக்குக் கொடுத்தது யார்?" என்கிறார் அம்மா. இதற்கிடையில், தசமபாகக் கணக்கைக் கேட்ட ஒருவரை அந்தப் பாஸ்டர் "அபிஷேகம் பண்ணப்பட்டவனைத் தொடாதே" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டாராம். அம்மாவின் ஞானஸ்நானம் செல்லாது, மறுபடி முழுக வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். சபையை நிறுவியது யார், நடத்தும் அதிகாரம் யாருக்கு, இவர்களில் யார் சொல்வது சரி என்பதுதான் தம்பியின் கேள்வி.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மெதடிஸ்த வீட்டில் வளர்ந்தவன், பாடசாலையில் கிறிஸ்தவ பாடம் படிப்பித்தவன். அம்மா வழியில் கத்தோலிக்க உறவினர் நிறையப் பேர். அதனால் இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கிப் பழக்கம் உண்டு.

நிறுவியவர் யார் என்பதில் உண்மையில் சண்டையே இல்லை, தம்பி. இயேசுதான் நிறுவினார், அவரே தலை என்று கத்தோலிக்கரும் சொல்கிறார்கள், நாங்களும் சொல்கிறோம், பெந்தெகொஸ்தேக்காரரும் சொல்கிறார்கள். "அவரே சபையாகிய சரீரத்துக்குத் தலையானவர்" என்று கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் வருகிற வசனம் எல்லோருடைய பைபிளிலும் இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கொள்கை விளக்கமும் கிறிஸ்துவே தலை என்றுதான் போதிக்கிறது. ஆகவே "தலை இயேசு மட்டும்தான்" என்று உங்கள் அண்ணன் மேசையைத் தட்டினால், அது அம்மாவுக்கு எதிரான வாதமே ஆகாது. அம்மாவும் ஞாயிறு பூசையில் அதைத்தான் அறிக்கையிடுகிறார்.

தலையானவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்போது, அவர் பெயரில் பேச யாருக்கு உரிமை என்ற இடத்தில்தான் வழக்கு ஆரம்பிக்கிறது.

மலையகத்து ஆளுக்கு இதை விளக்கப் பெரிய பாடு படத் தேவையில்லை. நம் பாட்டன் காலத்தில் தோட்டத்துச் சொந்தக்காரன் லண்டனில் இருந்தான். கொழும்பில் அவனுக்கு ஏஜென்சி. பங்களாவில் பெரிய துரை, கீழே சின்ன துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி. சொந்தக்காரனின் முகத்தை லயத்தில் ஒருவரும் கண்டதில்லை. உத்தரவு மட்டும் அவன் பெயரில் விடியற்காலைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, வந்துவிடும். தோட்டம் யாருடையது என்று அங்கே யாரும் தர்க்கம் பண்ணவில்லை. இந்த உத்தரவு மெய்யாகவே மேலேயிருந்து வந்ததா, துரை தன் பாட்டுக்குப் போட்டதா, துரை அநியாயம் செய்தால் எங்கே போய்ச் சொல்வது என்பதுதான் சனங்களின் கவலை. இயேசுவும் இதே ஆபத்தைக் கண்டுதான், எஜமான் வரத் தாமதிக்கிறான் என்று எண்ணி உடன் வேலைக்காரரை அடிக்கத் தொடங்கிய ஊழியக்காரனின் கதையைச் சொன்னார். மத்தேயு 24ஆம் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. அண்ணனும் அம்மாவும் சேர்ந்தே வாசிக்கட்டும்.

சரி, அம்மாவின் சாவிக்கு வருவோம். "நீ பேதுருவாய் இருக்கிறாய், இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்" என்று மத்தேயு 16இல் இயேசு சொல்கிறார். அடுத்த வசனத்தில் பரலோக ராஜ்யத்தின் திறவுகோல்களைத் தருகிறேன் என்கிறார். இந்தக் கல் பேதுரு என்ற ஆளா, அவர் சற்று முன்னால் செய்த விசுவாச அறிக்கையா, கிறிஸ்துவேயா என்று ஆதிகாலத்திலிருந்தே கருத்து வேறுபாடு உண்டு. புனித அகுஸ்தீன் வயதான காலத்தில் தன் பழைய எழுத்துகளைத் திருத்திப் பார்த்தபோது, ஒரு காலத்தில் கல் பேதுரு என்று எழுதியதையும் பிற்பாடு கிறிஸ்து என்று விளக்கியதையும் குறிப்பிட்டு, எது பொருத்தம் என்று வாசகரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். அவ்வளவு பெரிய மேதையே விட்டுவிட்ட இடத்தில், நம் பாஸ்டர்மாரும் சில சாமிமாரும் காட்டும் நிச்சயம் எனக்கு ஆச்சரியம்.

என் சொந்தக் கருத்து: வசனத்தை நேராக வாசித்தால் பேதுரு என்ற ஆளைப் பற்றித்தான் அது பேசுகிறது. இன்றைய புரொட்டஸ்தாந்து அறிஞர் பலரும் இதை ஒத்துக்கொள்கிறார்கள். சாவி என்பதும் வெறும் அலங்காரம் இல்லை. ஏசாயா 22இல் அரண்மனை விசாரிப்புக்காரனாகிய எலியாக்கீமின் தோளில் தாவீது வீட்டுத் திறவுகோல் வைக்கப்படுகிறது. சாவி வைத்திருப்பவன் வீட்டுக்காரன் அல்ல, வீட்டுக்காரனின் காரியக்காரன். ஆக, பேதுருவுக்கு ஒரு தனி இடம் இருந்தது என்று அம்மா சொன்னால் பைபிள் அவர் பக்கம் நிற்கிறது.

ஆனால் அம்மா அதே அதிகாரத்தில் இன்னும் சில வரிகள் கீழே போக வேண்டும். சாவி வாங்கிய அதே பேதுருவைத்தான் இயேசு "எனக்குப் பின்னாகப்போ சாத்தானே" என்று அதட்டுகிறார். இரண்டு அதிகாரம் தள்ளி, மத்தேயு 18இல், கட்டவும் அவிழ்க்கவும் உள்ள அதே அதிகாரம் சீஷர் எல்லோருக்கும் கொடுக்கப்படுகிறது. பேதுரு முதல்வர், ஆனால் தனியாள் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் அப்போஸ்தலர் காலம் விளங்கும்.

எருசலேமில் என்ன நடந்தது என்று பாருங்கள். புறஜாதியார் கிறிஸ்தவராக வந்தால் விருத்தசேதனம் செய்ய வேண்டுமா என்று பெரிய தகராறு. அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரம் முழுக்க அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைதான். பேதுரு எழுந்து பேசுகிறார். பவுலும் பர்னபாவும் சாட்சி சொல்கிறார்கள். முடிவாகத் தீர்மானத்தை வைப்பவர் பேதுரு அல்ல, ஆண்டவருடைய சகோதரனாகிய யாக்கோபு. சபைகளுக்கு அனுப்பிய கடிதத்தில் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள். அந்த "எங்களுக்கும்" என்பதற்குள் அப்போஸ்தலரும் மூப்பரும் இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து ஆட்களைத் தேர்ந்து அனுப்பிய சபையாரும் இருக்கிறார்கள்.

அந்தியோகியாவில் நடந்தது அதைவிடக் காரமானது. புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து ஒதுங்கிக்கொண்டார். பவுல் எல்லோருக்கும் முன்னால் அவரை முகத்துக்கு நேராக எதிர்த்தார். கலாத்தியர் 2இல் பவுலே எழுதி வைத்திருக்கிறார். யாரோடு இருந்து சாப்பிடுவது என்ற விஷயம் நம் ஆட்களுக்குப் புரியாததா? கூட்டாளிகளின் கண்ணுக்குப் பயந்து பந்தியை மாற்றிய தலைவரை, பின்னால் வந்து சேர்ந்த ஒருவர் சபை நடுவில் திருத்துகிறார். சபை உடைந்து போகவில்லை. பேதுருவின் இடமும் போகவில்லை. இந்தச் சம்பவத்தை நான் மத்தேயு 16க்குச் சமமாக எடை போடுகிறேன். அங்கே அதிகாரம் கொடுக்கப்பட்டது. அந்த அதிகாரத்தைக் கேள்வி கேட்கலாம் என்பதற்கு இது சாட்சி.

பேதுருவின் இடம் உரோமை ஆயருக்குப் போகும் என்று ஒரு வசனமும் நேரடியாகச் சொல்லவில்லை. அண்ணன் இதில் சரி. கத்தோலிக்கர் சொல்லும் பதிலும் லேசானதல்ல: வீடு இருக்கும்வரை காரியக்காரன் வேண்டும், பேதுருவும் பவுலும் இரத்தம் சிந்திய உரோமையில் அந்தப் பணி தொடர்ந்தது என்கிறார்கள். கி.பி. 96 அளவில் கொரிந்து சபை தன் மூப்பர்களைத் தள்ளிவிட்டபோது, உரோமைச் சபையிலிருந்து கிளெமெந்து எழுதிய நீண்ட கடிதம் இன்றும் இருக்கிறது. 180 அளவில் இரேனேயு என்ற ஆயர் உரோமை ஆயர்களைப் பேதுரு, பவுல் காலத்திலிருந்து வரிசையாகப் பட்டியலிட்டார். அதாவது உரோமைக்கு ஒரு மரியாதை மிகப் பழங்காலத்திலேயே இருந்தது. ஆனால் மரியாதை வேறு, முழு அதிகாரம் வேறு. 325இல் நிசேயாவில் கூடிய முதல் பொதுச்சங்கத்தைக் கூட்டியவர் பாப்பரசர் அல்ல, சக்கரவர்த்தி கொன்ஸ்தந்தீன். கீழைத் திருச்சபைகள் உரோமைக்கு முதல் மரியாதை கொடுக்கத் தயாராக இருந்தன, தங்கள் வீட்டு நிர்வாகத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. 1054இல் வெடித்த பிளவின் வேர்களில் அது பெரியது.

பாப்பரசர் எல்லோரும் ஒரே மாதிரி அதிகாரம் கேட்டார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். 590இலிருந்து 604 வரை இருந்த பெரிய கிரகோரியார், கொன்ஸ்தாந்திநோபிளின் தலைமை ஆயரான பிதாப்பிதா உலகளாவிய பட்டம் சூட்டிக்கொண்டதைக் கண்டித்து, தன்னைத் தேவனுடைய ஊழியரின் ஊழியன் என்று எழுதிக்கொண்டார். பிறகு ஒரு காலத்தில் ஒரே சமயத்தில் மூன்று பேர் தாங்கள்தான் பாப்பரசர் என்று உட்கார்ந்திருந்தார்கள். 1414இலிருந்து 1418 வரை கூடிய கொன்ஸ்தான்சு சங்கம்தான் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் பாப்பரசரின் தவறா வரத்தை விசுவாசக் கொள்கையாக அறிவித்தது. அது அவர் வாயால் சொல்லும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. விசுவாசம், ஒழுக்கம் பற்றி முழுத் திருச்சபைக்கும் கட்டுப்படுத்தும் விதமாக அறிவிக்கும்போது மட்டும்தான். அப்படி அறிவித்தது அதற்குப் பிறகு ஒரே தடவை, 1950இல், மரியாள் உடலோடு பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்ற போதனைக்காக. பாப்பரசர் சொன்னால் மழை பெய்யும் என்று கத்தோலிக்கர் நம்புவதாக அண்ணனின் பாஸ்டர் கேலி பண்ணினால், கேலிக்கு ஆதாரம் இல்லை. அதே நேரம், உரோமை ஆயரை நியாயம் விசாரிக்க வேறொருவருக்கும் அதிகாரம் இல்லை என்பது கத்தோலிக்கச் சட்டத்தில் இன்றும் இருக்கிற விதி. என்னைப் போன்றவர்கள் அந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறோம்.

மற்ற சபைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1534இல் தன்னையே திருச்சபையின் தலைவனாக்கிக்கொண்டான். பாப்பரசர் போய் அரசன் வந்தான், அவ்வளவுதான். ஸ்கொத்லாந்துக்காரர் மூப்பர் சங்கம் வைத்துக்கொண்டார்கள். கண்டியில் இன்றும் அவர்களுடைய பழைய கோயிலை ஸ்கொட்ஸ் கேர்க் என்றுதான் சொல்கிறோம். எங்கள் மெதடிஸ்தருக்கு மாநாடு. அது தேர்ந்தெடுக்கும் தலைவர் தவணை முடிந்ததும் இறங்கிவிடுவார். 1964இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை பிரித்தானிய மாநாட்டிலிருந்து பிரிந்து தன்னாட்சி பெற்றது.

ஆனால் நம் மலையில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கேள்வி இங்கே புத்தகத்துக்குள் மட்டும் இருக்கவில்லை.

ஒல்லாந்தர் காலத்தில் கரையோரத்தில் கத்தோலிக்க மதமே தடை. தீவில் ஆயரும் இல்லை, குருக்களும் இல்லை. 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரனைப் போல வந்திறங்கிய யோசேப்பு வாஸ் அடிகள், 1692இல் கண்டிக்கு வந்து, உளவாளி என்ற சந்தேகத்தில் இராசாவின் காவலில் இருந்தார். பிறகு அதே கண்டியைத் தளமாக்கித் தீவு முழுக்கச் சுற்றினார். தமிழும் சிங்களமும் படித்துக்கொண்டார். கொச்சி ஆயரின் பிரதிநிதி என்ற பதவி அவருக்குப் பிற்பாடு வந்தது. ஆனால் ஊர் ஊராகச் சபையைத் தாங்கி நின்றவர்கள் மூப்பர், அண்ணாவி என்று அழைக்கப்பட்ட சாதாரண குடும்பக்காரர்கள். செபம் சொல்லிக் கொடுப்பது, குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது, சாகிறவருக்குப் பக்கத்தில் இருப்பது எல்லாம் அவர்கள் வேலை. வாஸ் அடிகள் 1711 சனவரி 16ஆம் திகதி கண்டியில் இறந்தார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். சட்டப்படி அதிகாரம் கொச்சியிலும் உரோமையிலும் இருந்தது. பிடித்து நிறுத்திய கை இங்கே இருந்தது.

தோட்டத்துச் சிற்றாலயங்களில் அந்த மூப்பர் மரபு இன்னும் சாகவில்லை. ஃபாதர் மாதத்தில் ஒரு நாள் வருவார். மற்ற ஞாயிறுகளில் சாவி மூப்பரின் லயத்து வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும். தண்டவாளத் துண்டைத் தட்டி மணி அடித்து, செபமாலை சொல்லி, வாசகம் வாசித்துப் பூட்டுகிறவர் அவர்தான். ஒரு தோட்டத்தில் புதிதாக வந்த பங்குத்தந்தை மாதாவின் கொடியேற்றத்தை மாத முதல் வாரத்தில் வைக்கச் சொன்னார். மூப்பர் மரியாதையாகக் கைகட்டி நின்று, "சரிங்க ஃபாதர், ஆனா சம்பளம் பத்தாம் திகதிங்க" என்றார். திருவிழா பத்துக்குப் பின்னால்தான் நடந்தது. திருச்சபைச் சட்டத்தில் அந்த அதிகாரத்துக்கு இடம் உண்டா என்று கேட்காதீர்கள்.

அங்கிலிக்கன் பக்கத்தில் நடந்தது இதைவிடப் பாடமானது. 1850களில் தோட்டத் துரைமார் சிலரின் ஆதரவோடு சி.எம்.எஸ். என்ற அங்கிலிக்கன் மிஷனரிச் சங்கம் நம் சனத்துக்கென்று ஒரு மிஷனைத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயரே தமிழ்க் கூலி மிஷன். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்து தோட்டம் தோட்டமாக நடந்து போதித்தார்கள். 1876இல் ரெஜினால்ட் கொப்பிள்ஸ்டன் என்ற இளம் பேராயர் கொழும்புக்கு வந்தார். வயது முப்பதுதான். தன் மறைமாவட்டத்துக்குள் நடக்கும் இந்த வேலை தன் குருமாரின் மேற்பார்வைக்குள் வர வேண்டும் என்றார். எங்களை அனுப்பியது சங்கம், உபதேசியாரை வைப்பதும் மாற்றுவதும் எங்கள் பொறுப்பு என்று மிஷனரிமார் நின்றார்கள். பேராயர் அவர்களுடைய அனுமதிப் பத்திரங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். விஷயம் இங்கிலாந்து வரை போய், பல வருடக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு, கேன்டர்பரி பேராயரும் வேறு சில ஆங்கில ஆயர்களும் தலையிட்டு ஒரு வழிக்குக் கொண்டுவந்தார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருந்தது. ஆயர் இல்லாத மிஷன் தனிக் கம்பனி மாதிரி ஆகிவிடும் என்ற பேராயரின் பயம் பொய்யல்ல. தூரத்திலிருந்து வரும் ஆயர் வேலை தெரிந்தவரைத் தள்ளிவிடுவார் என்ற மிஷனரிகளின் பயமும் பொய்யல்ல. ஆனால் யாருடைய ஆத்துமாவுக்காகச் சண்டையோ அவர்கள் அந்தச் சண்டையில் கட்சிக்காரரே இல்லை. பேராயர், சங்கம், துரை, எல்லாரும் வெள்ளைக்காரர். கொழுந்து பறிக்கிறவளிடம், உனக்கு யார் மேய்ப்பன் என்று யாரும் கேட்கவில்லை. 1881இல் அரசாங்கம் அங்கிலிக்கன் திருச்சபைக்குச் சம்பளம் கொடுப்பதை நிறுத்தும் சட்டம் வந்த பிறகுதான், சபையாரின் பிரதிநிதிகளும் உட்காரும் சினட் இங்கே உருவானது. பணம் கொடுக்கிறவர் மாறியதும் பேசுகிறவரும் மாறினார். இதில் இன்னொரு வேடிக்கை: இலங்கைத் திருச்சபைக்குக் கொழும்பு, குருநாகல் என்று இரண்டு மறைமாவட்டங்கள் இருந்தும், 1970இலிருந்து மேல் பொறுப்பு கேன்டர்பரி பேராயரிடமே இருந்துவருகிறது.

கத்தோலிக்கர் பக்கத்தில் இதற்கு எதிர்மாறான ஒன்று நடந்தது. 1886இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் இந்தியாவிலும் இலங்கையிலும் முறையான மறைமாவட்டங்களை நிறுவினார். கண்டி மறைமாவட்டம் அந்த வருடம் பிறந்ததுதான். 1893இல் அவரே கண்டி அம்பிட்டியில் ஒரு பாப்பரசர் குருமடத்தைத் தொடங்கினார். இந்தியாவே, உன் பிள்ளைகளே உனக்கு மீட்பின் பணியாளர் ஆவார்கள் என்ற கருத்தில் ஒரு பதக்கமும் அடிக்கப்பட்டது. 1955இல் அந்தக் குருமடம் புனேக்குப் போகும்வரை இந்தியா முழுவதிலுமிருந்து வாலிபர் அம்பிட்டிக்கு வந்து குருவானார்கள். சுதேசிகளை நம்பிப் பொறுப்புக் கொடுக்கச் சொன்ன உத்தரவு வந்தது உரோமையிலிருந்து. தூரத்து அதிகாரம் என்றால் எப்போதும் அடக்குமுறை என்று நினைக்கிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இப்போது அண்ணனின் சபை. "எங்களுக்கு மேலே இயேசு மட்டும்தான்" என்று சொல்லும் சபைகளிலும் அதிகாரம் இருக்கிறது, வெளியே பலகையில் எழுதவில்லை என்பதுதான் வித்தியாசம். எல்லாம் ஒரே மாதிரியும் இல்லை. 1920களில் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கி, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பரவிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனில் தலைமைப் பாஸ்டர், மூத்த ஊழியர் என்று இறுக்கமான ஒழுங்கு உண்டு. அசெம்பிளிஸ் ஒஃப் கோட் சபைகளுக்குத் தேசிய நிர்வாகம் இருக்கிறது. பாஸ்டர் தவறினால் முறையிட ஓர் இடமாவது உண்டு. கஷ்டம் எங்கே வருகிறது என்றால், ஓர் ஆள் தானாகவே தொடங்கி, தானே பாஸ்டர், தானே பொருளாளர், மனைவி செயலாளர், காணி தன் பெயரில் என்று நடத்தும் இடத்தில். பாப்பரசருக்காவது நூற்றாண்டுகளாகச் சேர்ந்த சட்டமும், கர்தினால்களும், உலகம் முழுக்க ஆயர்களும் சுற்றி இருக்கிறார்கள். டவுனில் மேல்மாடியில் நடக்கும் சபையின் தனிப் பாஸ்டருக்கு அதுவும் இல்லை. பாப்பரசர் வேண்டாம் என்று போன அண்ணன், கேள்வி கேட்க முடியாத ஓர் அதிகாரத்துக்குக் கீழே போய் உட்கார்ந்திருந்தால் என்ன லாபம்? பெந்தெகொஸ்தே ஊழியர் எல்லோரையும் நான் சொல்லவில்லை. கோயில்கள் எட்டிப் பார்க்காத லயங்களில் குடிகாரரைத் திருத்தி, நோயாளிக்குப் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்த பாஸ்டர்மாரைக் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் சபைகள் தூங்கியதால்தான் அவர்களுக்கு வேலை வந்தது.

"அபிஷேகம் பண்ணப்பட்டவனைத் தொடாதே" என்ற வசனத்துக்கு வருகிறேன். அது சங்கீதம் 105இல் இருக்கிறது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு பரதேசிகளாய்த் திரிந்தபோது அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்பது அங்கே பேச்சு. கையில் பலமில்லாதவர்களைப் பலமுள்ளவர்களிடமிருந்து காக்கச் சொன்ன வார்த்தை அது. கணக்குக் கேட்கும் ஏழைக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள். தாவீது சவுலைக் கொல்ல மறுத்தான், உண்மை. ஆனால் அதே தாவீது குகையிலிருந்து வெளியே வந்து, சவுலைக் கூப்பிட்டு, அவனுடைய அநியாயத்தை அவனிடமே சொன்னான். பிறகு தாவீதே அபிஷேகம் பெற்ற ராஜாவாக இருந்தபோது, நாத்தான் தீர்க்கதரிசி நேரே வந்து "நீயே அந்த மனுஷன்" என்றான். தாவீது அவனை வெளியே தள்ளவில்லை.

பண விஷயத்தில் பவுல் எப்படி நடந்தார் என்று 2 கொரிந்தியர் 8இல் பாருங்கள். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தை அவர் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகளால் தெரிந்து நியமிக்கப்பட்ட ஒரு சகோதரனைக் கூட வைத்துக்கொள்கிறார். இந்தப் பெரிய தர்மப்பண விஷயத்தில் யாரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணமும் சொல்கிறார். மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்கிறார். புதிய ஏற்பாட்டில் இத்தனை நிருபங்களை எழுதியவரே இரண்டாவது ஆளைப் பக்கத்தில் வைத்துத்தான் பணத்தைத் தொட்டார். அண்ணன் பாஸ்டரிடம் சண்டைக்குப் போகத் தேவையில்லை. இந்த அதிகாரத்தைத் திறந்து வைத்து, நம் சபையில் அந்தச் சகோதரர் யார் என்று அமைதியாகக் கேட்டால் போதும். உங்கள் அம்மாவும் தன் பங்கில் நிதிக்குழு இருக்கிறதா என்று கேட்கட்டும். கத்தோலிக்கச் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் அது இருக்க வேண்டும்.

கடைசியாக அம்மாவின் ஞானஸ்நானம். இதிலும் பழைய கதை ஒன்று உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான், பிரிந்துபோன கூட்டத்தாரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மறுபடி கொடுக்க வேண்டும் என்றார். உரோமை ஆயர் ஸ்தேவான், தேவையில்லை என்றார். சிப்பிரியான் உரோமைக்குப் பணியவில்லை. ஆனால் பிற்காலத் திருச்சபை ஸ்தேவானின் கருத்தையே ஏற்றது. ஞானஸ்நானம் கொடுக்கிறவருடைய யோக்கியதையைச் சார்ந்ததல்ல, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுக்கப்பட்டால் போதும் என்று நிலைத்தது. அதனால்தான் ஒரு மெதடிஸ்தரோ அங்கிலிக்கரோ கத்தோலிக்கராகப் போனால் மறுபடி முழுக்குக் கொடுப்பதில்லை, அங்கிருந்து இங்கே வந்தாலும் கொடுப்பதில்லை. குழந்தைக்குக் கொடுத்ததை ஏற்காத சபைகள் இருக்கின்றன. அது அவர்களுடைய விளக்கம், அதற்கு அவர்கள் வசனமும் காட்டுவார்கள். அண்ணன் வளர்ந்த ஆள், முழுகுவதா வேண்டாமா என்பது அவர் மனச்சாட்சி. ஆனால் அம்மாவைக் கட்டாயப்படுத்த அந்தப் பாஸ்டருக்கும் உரிமை இல்லை, அண்ணனுக்கும் இல்லை. அம்மாவின் பெயர் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்த தோட்டத்துச் சனத்துக்கு அந்தத் தாள் வேறு பல கந்தோர்களிலும் உதவியிருக்கிறது.